நானூற்றுப் பதினெட்டு மடங்கு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், குமிழியக்காவுக்குச் சம்பள உயர்வுக் கடிதம் வந்தது. அவள் கேட்கவில்லை. கேட்டு வாங்கும் வழக்கமே அந்தக் குழாய்க் கம்பெனியில் ஒழிந்து பல வருஷமாகியிருந்தது. கேட்காமல் கொடுக்கும் வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு உறையைத் திருப்பி, பெயர் தன்னுடையதுதானா என்று பார்த்தாள்.

கம்பெனியில் அவள் வேலை கசிவுச் சோதனை. பித்தளைக் குழாயை இடுக்கியில் பொருத்தி, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, பதினைந்து நொடி கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். குமிழி கிளம்பினால் குழாய் சிவப்புக் கூடைக்குப் போகும். கிளம்பாவிட்டால் முத்திரை விழும். பத்தொன்பது வருஷமாக இதே தொட்டி, இதே ஸ்டூல். மற்றவர்கள் கண்ணில் படாத கடுகளவுக் குமிழிகூட அவள் கண்ணில் படும் என்பதால் அந்தப் பெயர் வந்தது. அவளைவிட மூத்தவர்களும் குமிழியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அதைத் திருத்தப் போகவில்லை.

சாயங்காலம் வீட்டில் கடிதத்தைக் கணவனிடம் நீட்டினாள். அவன் பஸ் டிரைவர். முப்பது வருஷம் ரோட்டைப் பார்த்த கண்ணோடு உலகத்தையும் சந்தேகமாகவே பார்ப்பவன்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றான்.

"யாரும் சாகல."

"அப்ப யாருக்கோ போக வேண்டியது உனக்கு வந்திருக்கு. தெரியறதுக்குள்ள ஒரு மிக்ஸி வாங்கிடு."

அவனுடைய தங்கை இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அதே கம்பெனியில் பாக்கிங் பிரிவில் வேலை. குழாய்களை அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டும் பெஞ்சில் பதினோரு வருஷம். சேதி காதில் விழுந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள்.

"ஏன் அண்ணி, பாக்கிங்ல இருக்கறவங்களெல்லாம் மனுசங்க இல்லையா?"

"நான் கேக்கவே இல்லடி. அவங்களா குடுத்தாங்க."

"அதான் கேக்கறேன். அவங்களா குடுக்கறப்ப எங்க பக்கம் ஏன் திரும்ப மாட்டேங்கறாங்க?"

நாத்தனார் பதிலை எதிர்பார்த்து நிற்கவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்குக் கடிதம் வந்தது. அதற்கடுத்த வாரம் மெருகுப் பிரிவில் ஒருவருக்கு. இந்த மெருகுக்காரர் சூப்பர்வைசரைக் கண்டபடி திட்டி மெமோ வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருக்கே உயர்வு என்றதும் தொழிற்சாலை முழுக்க ஒரு தெளிவு பிறந்தது. இரண்டு நாள் சூப்பர்வைசர் எந்தப் பக்கம் போனாலும் வசவு விழுந்தது. பாவம், அவர் பாத்ரூமுக்குப் போகக்கூடப் பின்வாசல் வழியாகச் சுற்றிப் போனார். மூன்றாம் நாள் நான்காவது கடிதம் வந்தது. ஸ்டோர் குமாஸ்தாவுக்கு. அவர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாக வீட்டில் படுத்திருந்தார். யாரையும் திட்டும் நிலையில் அவர் இல்லை. தெளிவு கலங்கிவிட்டது. சூப்பர்வைசர் மறுபடி முன்வாசல் வழியாக வர ஆரம்பித்தார்.

ஆறு பேருக்கு ஆனது. ஆறாவது கடிதம் வந்த அன்று மத்தியானம் கோப்பு சார் கீழே இறங்கி வந்தார்.

கோப்பு சார் என்பவர் கம்பெனி செகரட்டரி. நாலாவது மாடியில் இருப்பவர். பச்சைக்குழந்தையை அணைத்துக்கொள்வது போல எப்போதும் ஒரு கோப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருப்பார். சட்டத்துக்குப் பயப்படுவது அவர் வேலை. முதலாளிக்குப் பயப்படுவது அவர் சுபாவம். இரண்டும் ஒரே திசையில் இருக்கும்வரை மனிதர் நன்றாகத் தூங்குவார். அன்று அவர் முகத்தைப் பார்த்தால் தூங்கி ஒரு மாதம் ஆனது போலிருந்தது.

தொட்டியின் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த கூடையில் உட்கார்ந்தார்.

"நீங்கதானம்மா முதல் ஆள்" என்றார்.

"எதுக்கு சார் முதல் ஆள்?"

"அறுநூத்தி இருபத்தொண்ணு."

அவள் ஒரு குழாயை முக்கிவிட்டுப் பதினைந்து நொடி பேசாமல் இருந்தாள். வேலை நேரத்தில் அவளோடு பேச வருகிறவர்களுக்கு இது பழக்கம். முத்திரை குத்திவிட்டு, "சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னது இதுதான். பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிகளுக்குப் புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது. தலைமை அதிகாரி வருஷத்துக்கு எவ்வளவு வாங்குகிறார் என்பதை, வீடு, கார், கிளப் கட்டணம் எல்லாம் சேர்த்து, ஆண்டறிக்கையில் போட வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. கம்பெனி ஆட்களை எல்லாம் சம்பள வரிசைப்படி நிற்க வைத்து, நட்ட நடுவில் யார் நிற்கிறாரோ அவர் சம்பளத்தைப் போல அது எத்தனை மடங்கு என்றும் போட வேண்டும். இந்தக் கம்பெனியில் ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொரு பேர். நடு ஆள் அறுநூற்று இருபத்தொன்று. அது அவள்.

"எத்தனை மடங்கு சார்?"

கோப்பு சார் சுற்றுமுற்றும் பார்த்தார். "நானூத்திப் பதினெட்டு."

குமிழியக்கா சிரித்துவிட்டாள். கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்றால் கோபப்படத் தெரியும். நானூற்றுப் பதினெட்டுக்கு என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரியவில்லை.

"சின்னவர் என்ன சொன்னார்?"

சின்னவர் என்பது எம்.டி. ஐம்பத்தெட்டு வயது. அவருடைய அப்பா, கம்பெனியைத் தொடங்கிய பெரியவர், செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் இவர் சின்னவராகவே இருந்தார். அவருக்கே அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு என்று பேச்சு.

"முதல்ல, சராசரி போடக் கூடாதா, என் சம்பளத்தையும் அதுல சேத்துக்கிட்டா மடங்கு கொறையுமேன்னு கேட்டார். விதியில அப்படி இல்லைன்னேன். யாரு அந்த நடு ஆளுன்னார். உங்க பேரைச் சொன்னேன். அந்தம்மா சம்பளத்தை ஏத்துன்னார். ஏத்தினேன். நீங்க மேல போயிட்டீங்க. ஃபோர்க்லிஃப்ட்காரர் நடுவுக்கு வந்தார். அவருக்கும் ஏத்துன்னார். இப்படியே ஆறு பேரு. நானூத்திப் பதினெட்டுல இருந்து நானூத்திப் பதினாறுக்கு வந்திருக்கோம்."

"இப்படியே போனா எப்ப சார் முடியும்?"

"அதத்தாம்மா ஒரு மாசமா அவருக்குப் புரிய வைக்கப் பாக்கறேன்" என்றார் கோப்பு சார். "நீங்க உடனே புரிஞ்சுக்கிட்டீங்க. ஒரு தடவை மேல வந்து சொல்றீங்களா? உங்களைப் பாக்கணும்னும் சொல்லிக்கிட்டே இருக்கார்."

நாலாவது மாடிக்கு அவள் போனதே இல்லை. ரப்பர் பூட்ஸைக் கழற்ற நேரம் தரவில்லை. சாம்பல் நிறக் கம்பளத்தில் ஈரக் காலடி ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே வந்தது. செகரட்டரி அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தார்.

சின்னவர் எழுந்து நின்று வரவேற்றார். அது அவள் எதிர்பாராதது. சுவரில் பெரியவர் படச் சட்டத்துக்குள் இருந்தார். எதிர்ச்சுவர் அலமாரியில் கம்பெனி இதுவரை செய்த குழாய்கள் வரிசையாக இருந்தன.

"நீங்கதானா?" என்றார் சின்னவர். மாசக்கணக்காகத் தன்னை வம்புக்கு இழுத்த ஆளைக் கடைசியில் நேரில் பார்ப்பவர் போலிருந்தது.

"நானாத்தான் இருந்தேன் சார். இப்ப வேற ஆளு."

"இந்த விதியைப் போட்டவனுக்குத் தொழில் தெரியாதும்மா. நான் உங்க சம்பளத்தை எப்பவாவது பத்திரிகையில போட்டிருக்கேனா?"

"இல்ல சார்."

"பின்ன என்னோடத மட்டும் எதுக்குப் போடணும்?"

கேள்வியை அவர் உண்மையாகவே கேட்டார். அவளுக்கு ஒரு நொடி இரக்கமாகக்கூட இருந்தது. பிறகு, வந்த வேலையைப் பார்ப்போம் என்று அலமாரிப் பக்கம் போனாள். "எடுக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டு ஏழு குழாய்களை எடுத்து, அவருடைய மேஜைமேல் சின்னதிலிருந்து பெரியது வரை நிறுத்தினாள்.

"இது நாலாவது. இதான் நடு. இதை எடுத்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோனா, அஞ்சாவதா நின்னது நடுவுக்கு வந்துரும். ரெண்டுக்கும் அரை விரல்தான் வித்தியாசம். இதையும் தூக்கினா அடுத்தது. நீங்க ஒவ்வொண்ணா தூக்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். நடுவுன்னு ஒண்ணு நின்னுக்கிட்டேதான் இருக்கும்."

சின்னவர் குழாய்களைக் குனிந்து பார்த்தார். ஒரு மாதமாகச் செகரட்டரி விளக்கிப் புரியாதது அந்த நிமிஷம் புரிந்தது என்று முகத்தில் தெரிந்தது. கோப்பு சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப நடு நல்லா பெருசாகணும்னா எத்தனை பேருக்கு ஏத்தணும்?"

"முந்நூறு, நானூறு பேருக்காவது ஏத்தணும் சார்."

அவர் அப்பா படத்தை நிமிர்ந்து பார்த்தார். யோசித்தார். பிறகு கையை நீட்டி, இடது கோடியில் நின்ற இரண்டு சின்னக் குழாய்களை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டார்.

"இப்ப நடு எது?"

அவள் பார்த்தாள். "அஞ்சாவதா இருந்தது சார்."

இன்னும் இரண்டை எடுத்து உள்ளே போட்டார். பித்தளையோடு பித்தளை இடித்துச் சத்தம் கேட்டது. மேஜைமேல் மூன்று குழாய்கள் நின்றன. நடுவில் நின்றது முதலில் நடுவாக இருந்ததைப் போல ஒன்றரைப் பங்கு இருந்தது.

"யாருக்குமே ஏத்த வேண்டாம்" என்றார் சின்னவர் செகரட்டரியைப் பார்த்து. இழுப்பறையை மூடினார். "நீங்க டீச்சரா போயிருக்கணும்மா."

அவள் மூடிய இழுப்பறையைப் பார்த்தாள். படியிறங்கும்போது, அந்தச் சின்னக் குழாய்கள் யார் என்று யோசித்தாள். இரண்டாவது மாடிக்கு வருவதற்குள் தெரிந்துவிட்டது.

இருபது நாளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பாக்கிங், ஏற்றி இறக்குபவர்கள், துப்புரவு, கேன்டீன், கேட் காவல், மொத்தம் முந்நூற்று நாற்பத்திரண்டு பேர் ஒன்றாம் தேதி முதல் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். வேலை போகவில்லை. பெஞ்சு அதேதான், டேப்பும் அட்டைப்பெட்டியும் அவைதான். கழுத்தில் தொங்கும் அட்டைதான் வேறு. அந்த அட்டையில் போனஸ் இல்லை. லீவு பாதி. எந்த மாதமும் வேண்டாம் என்று அனுப்பலாம். நடு ஆளைத் தேட எந்தத் தேதியில் தலையெண்ணுவது என்பதைக் கம்பெனியே முடிவு செய்யலாம் என்று விதியில் இருந்தது. பன்னிரண்டாம் தேதி என்று முடிவு செய்தார்கள்.

ஒன்றாம் தேதி மாலை நாத்தனார் வந்து கூடத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். "பதினோரு வருஷம் அண்ணி" என்றாள். "இன்னைக்கு ஒரு பையன் வந்து, பழைய அட்டையக் குடு, புதுசு தர்றேங்கறான். என் மூஞ்சியக்கூடப் பாக்கல, அட்டையத்தான் பாத்தான்."

குமிழியக்காவின் கணவன் டிவியை அணைத்தான்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் குமிழியக்கா.

"எதை?"

சொன்னாள். கம்பளம், அலமாரி, ஏழு குழாய், இழுப்பறை, ஒன்றுவிடாமல் சொன்னாள். நாத்தனார் கடைசிவரை கேட்டாள். பிறகு எழுந்து, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் காபி வேண்டாம் என்று சொன்னதை அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. கம்பெனியில் எதிரெதிரே வந்தால் நாத்தனார் சுவரில் எழுதியிருக்கும் பாதுகாப்பு விதிகளைப் படித்துக்கொண்டு நடந்தாள். வீட்டில் கணவன் இருவருக்கும் நடுவே தபால்காரன் ஆனான். அவனுக்கு அது பிடிக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டா நான் பஸ்ஸை மட்டும் ஓட்டுவேன்" என்று சொல்லிப் பார்த்தான்.

பிறகு தபாலில் ஆண்டறிக்கை வந்தது.

கம்பெனி பங்குச் சந்தைக்குப் போன வருஷம் பழைய தொழிலாளிகளுக்குத் தலைக்குப் பத்துப் பங்கு கொடுத்திருந்தார்கள். அதனால் குமிழியக்காவும் ஒரு பங்குதாரர். வருஷா வருஷம் வழுவழுப்பான அந்தப் புத்தகம் வரும். அவள் அலமாரித் தட்டில் விரிக்க எடுத்துக்கொள்வாள். இந்தத் தடவை படித்தாள். எழுபத்து நாலாம் பக்கத்தில் இருந்தது. சின்னவரின் சம்பளம் ஒரு ரூபாய் குறையவில்லை. மடங்கு மட்டும் இருநூற்றுத் தொண்ணூறு. பக்கத்தில் சின்ன எழுத்தில், ஊழியர் நலனில் கம்பெனி காட்டும் தொடர்ந்த அக்கறையின் விளைவு என்று ஒரு வரி.

அந்த வரியை அவள் பதினைந்து நொடி பார்த்தாள். குமிழி கிளம்பியது.

"நான் பொதுக்கூட்டத்துல பேசப் போறேன்" என்று கணவனிடம் சொன்னாள்.

அவன் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு காலில் மாட்டி, மறு காலுக்கு வருவதற்குள் யோசித்து முடித்தான். "பேசு. வேலை போனா என் சம்பளத்துல கஞ்சி குடிப்போம். ஆனா சுருக்கமா பேசு. மைக்கு கையில கிடைச்சா எங்க டிப்போ யூனியன்ல ஒருத்தனும் விட மாட்டான். அந்த மாதிரி ஆயிடாத."

ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். வருகிறவர்களுக்கு ஒரு தின்பண்டப் பொட்டலமும் ஒரு குழாயும் கொடுப்பது வழக்கம். வருஷம் தவறாமல் வந்த சிலர் வீட்டில் அறைகளைவிடக் குழாய் அதிகம். மேடையில் சின்னவர், மைத்துனர் ஒருவர், இன்னும் நாலு டைரக்டர்கள். ஓரத்தில் கோப்பு சார். அவர்தான் கூட்டக் குறிப்பு எழுதுபவர்.

சம்பளத் தீர்மானம் ஏழாவது. ஏதாவது கேள்வி உண்டா என்று சின்னவர் கேட்டார். கேள்வி இருக்காது என்ற நம்பிக்கையில் அடுத்த தாளைப் புரட்டிவிட்டார். குமிழியக்கா எழுந்தாள்.

"எழுபத்து நாலாம் பக்கத்துல இருநூத்தித் தொண்ணூறு மடங்குன்னு போட்டிருக்கு. உங்க சம்பளம் கொறஞ்சுதா சார், நடு ஆளு சம்பளம் கூடுச்சா?"

சின்னவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "நடு ஆளோட சம்பளம் கூடியிருக்கு. பாராட்ட வேண்டிய விஷயம்."

"எப்படி சார் கூடுச்சு?"

"அதெல்லாம் உள்விவகாரம். எழுத்துல குடுங்க, பதில் வரும்."

"எழுத்துல இருக்கறதத்தான் சார் கேக்கறேன். நான் கசிவுச் சோதனையில இருக்கேன். மேஜையில ஏழு குழாய் வச்சு, நடு எதுன்னு உங்களுக்குக் காட்டினேன். நீங்க சின்னதா நாலை எடுத்து இழுப்பறையில போட்டீங்க. அந்த நாலுல ஒண்ணு என் நாத்தனாரு. பதினோரு வருஷமா உங்களுக்கு டப்பா ஒட்டறா. இன்னும் அதே பெஞ்சிலதான் ஒட்டறா. கணக்குல மட்டும் இல்ல. அவ எங்கன்னு சொல்லுங்க, நான் உக்காந்துக்கறேன்."

மண்டபத்தில் பொட்டலக் காகிதச் சத்தம் நின்றது. பின்வரிசையில் ஒரு முதியவர் பக்கத்திலிருந்தவரிடம், "இழுப்பறையில யாரு?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. சிலர் சிரித்தார்கள்.

"செகரட்டரி, அடுத்த தீர்மானம்" என்றார் சின்னவர்.

கோப்பு சார் எழுந்தார். கோப்பை நெஞ்சிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அவரைக் கோப்பில்லாமல் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. இன்னும் ஒல்லியாகத் தெரிந்தார்.

"கேள்வியைக் குறிப்புல எழுதிக்கிட்டிருக்கேன் சார்" என்றார். "கேள்விய எழுதினா பதிலையும் எழுதணும். பதில் இல்லைன்னா, பதில் இல்லைன்னு எழுதணும். விதி." பிறகு பேனாவைக் கையில் எடுத்து, "தலையெண்ணின தேதிக்குப் பதினோரு நாள் முன்னாடி முந்நூத்தி நாப்பத்திரண்டு பேர் ஒப்பந்தத்துக்கு மாத்தப்பட்டாங்க. அப்படின்னு எழுதட்டுமா சார்?"

சின்னவர் அவரைப் பார்த்த பார்வையில் பித்தளையும் உருகியிருக்கும். கோப்பு சார் உருகவில்லை. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பயமும் எதிரெதிர்த் திசையில் இழுத்தன. சட்டத்தின் பயம் ஜெயித்துவிட்டது.

முன்வரிசையில் ஒரு பெண் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். கம்பெனியின் எட்டில் ஒரு பங்கு வைத்திருக்கும் ஒரு முதலீட்டு நிதியின் ஆள். நாத்தனாரைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "இதே வேலையை இதே இடத்துல செய்யறவங்கன்னா, விதிப்படி சேத்துத்தான் எண்ணணும். இந்த அறிக்கையைப் பங்குச் சந்தை ஆணையம் திருப்பி அனுப்பும். அபராதத்தை எங்க லாபத்துல இருந்துதான் கட்டுவீங்க. நாங்க எதிர்த்து ஓட்டுப் போடறோம்."

தீர்மானம் நிறைவேறியது. நிறைவேறத்தான் செய்யும். பங்கில் அறுபது சதவீதம் சின்னவர் குடும்பத்துடையது. குமிழியக்கா தன் பத்துப் பங்கையும் எதிராகப் போட்டுவிட்டு, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். குழாயை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அது தன் கையால் முத்திரை விழுந்த குழாய் இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

மூன்று வாரத்தில் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து எண்ணச் சொல்லியிருந்தார்கள். மடங்கைக் குறைக்காத ஒப்பந்தம் எதற்கென்று சின்னவர் அதை ரத்து செய்தார். பழைய அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அறிக்கையைப் புதிதாக அடித்தால் செலவென்று, எழுபத்து நாலாம் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டி அனுப்ப முடிவானது. மொத்தம் ஆறாயிரம் புத்தகம். ஒட்டுவதில் கைதேர்ந்தவர்கள் கம்பெனியில் ஒரே ஒரு பிரிவில்தான் இருந்தார்கள். இருநூற்றுத் தொண்ணூறின் தலையில் நானூற்றுப் பதினாறை ஒட்டும் வேலை பாக்கிங் பெஞ்சுக்கு வந்தது. நாலு நாள் அங்கே சிரிப்பு நிற்கவில்லை என்று கேள்வி.

குமிழியக்காவை யாரும் ஒன்றும் செய்யவில்லை. கூட்டக் குறிப்பில் ஏறிவிட்ட ஆளைத் தொட்டால் அதையும் எழுத வேண்டி வரும் என்று கோப்பு சார் மேலே சொல்லியிருந்தாராம். சின்னவர் வெட்கப்பட்டு ஒடுங்கிவிடுவார் என்று சிலர் நினைத்தார்கள். அப்படியெல்லாம் நடக்கவில்லை. அதே வாரம் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கை வந்தது. பூட்டுச் செய்பவர்கள். அதன் தலைவருக்கு நானூற்று ஐம்பத்தைந்து மடங்கு. சின்னவர் அதைப் படித்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "பூட்டு விக்கறவன் என்னைவிடப் பெரியவனா?" என்று கேட்டாராம். அடுத்த டைரக்டர் கூட்டத்தில் தன் சம்பளத்தை மறுபரிசீலனை செய்ய ஒரு கமிட்டி போட வைத்தார். ஆளாளுக்குச் சம்பளத்தை வெளியே சொல்ல வைத்தால் அடக்கம் வரும் என்று விதியைப் போட்டவர்கள் நினைத்திருக்கலாம். பொறாமையும் வரும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

திருத்தச் சீட்டு வேலை முடிந்த சனிக்கிழமை, நாத்தனார் வந்தாள். கையில் ஒரு ஆண்டறிக்கை. கூடத்தில் உட்கார்ந்து, "காபி இருக்கா?" என்று கேட்டாள். குமிழியக்கா அடுப்பை மூட்டினாள். அவள் கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு, டிப்போவில் அவசர வேலை இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு வெளியே போனான்.

"ஆறாயிரம் தடவை இந்தப் பக்கத்தைத் திறந்திருக்கேன் அண்ணி" என்றாள் நாத்தனார். "மனப்பாடமே ஆயிடுச்சு. சின்னவரு வீட்டுத் தோட்டக்காரனுக்குக் கம்பெனி குடுக்கறது என் சம்பளத்தைவிட அதிகம்."

"ம்."

"நீ கேட்டதால என் அட்டை திரும்பி வந்துச்சு. சரி, அதுக்கு மேல நான் கோவிச்சுக்கறது நியாயமில்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. உனக்கு ஏத்துனாங்க, மெருகுக்காரனுக்கு ஏத்துனாங்க, வயித்தைக் கிழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தவனுக்கு ஏத்துனாங்க. எல்லாம் நடுவுல நின்னீங்க. நான் கோடியில நிக்கறேன். நீ எனக்கு வாங்கிக் குடுத்தது அந்தக் கோடியைத்தான்."

குமிழியக்கா டம்ளரை நீட்டினாள். வருத்தமாக இருந்தது. பொய் சொல்கிறாள் என்றும் சொல்ல முடியவில்லை.

"என்ன செய்யலாங்கற?"

"எங்க பெஞ்சுல பேசிட்டோம். கேன்டீன்ல, கேட்டுல எல்லாரும் சரின்னுட்டாங்க. சம்பளம் ஏத்துன்னு மேல போய்க் கேக்கப் போறோம். திங்கக்கெழம. உனக்கு நாலாவது மாடி பழக்கம். நீ கூட வா." நாத்தனார் ஒரு வாய் குடித்தாள். "எங்க முந்நூத்தி நாப்பத்திரண்டு பேருக்கும் ஏத்தினா அந்த மடங்கு கொறையுமா?"

குமிழியக்கா மனசுக்குள் குழாய்களை நிறுத்திப் பார்த்தாள். சின்னக் குழாய்களைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். எவ்வளவு பெரிதாக்கியும் அவை நடுவைத் தாண்டவில்லை. நடுவில் நின்றது அசையவே இல்லை.

"கொறையாது" என்றாள்.

"கொஞ்சம்கூடவா?"

"ஒரு புள்ளிகூடக் கொறையாது."

"அப்ப, இதனால எனக்கு என்ன லாபம்னு கேப்பாரே."

"கேப்பாரு."

"என்ன சொல்றது?"

குமிழியக்கா ஆண்டறிக்கையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நாத்தனார் அவசரப்படுத்தவில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் அந்தப் பதினைந்து நொடி பழக்கமாகியிருந்தது.

"ஒரு லாபமும் இல்லன்னு சொல்லு" என்றாள் குமிழியக்கா. "லாபமில்லாமத்தான் குடுக்கணும்னு சொல்லு. திங்கக்கெழம எத்தனை மணிக்கு?"

"பத்தரைக்கு. டீ நேரத்துல."

"எத்தனை பேரு வர்றீங்க?"

"எல்லாரும்" என்றாள் நாத்தனார். "லிஃப்ட்ல எட்டுப் பேருதான் போகலாமாம். மத்தவங்க படியில ஏறிக்கறோம்."